வள்ளி கும்மிக்கு எந்த அலமாரி? கொங்கு மாணவர்களுக்கு ஒரு தேடல் ஒப்பீடு

இறுதி செமஸ்டர் தொடங்கியதும் விஷுவல் கம்யூனிகேஷன், இதழியல், தமிழ்த் துறை மாணவர்கள் ஆளுக்கொரு தலைப்போடு வந்து நிற்பார்கள். கேட்பதென்னவோ ஒரே கேள்விதான்: “டாபிக் ஓகே ஆயிருச்சுங்க சார், மெட்டீரியல் எங்கீங்க கிடைக்கும்?” இதைத் தலைகீழாகக் கேட்கச் சொல்வது என் வழக்கம். கைக்கு எட்டுகிற இடத்தில் என்ன மெட்டீரியல் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் தலைப்பை முடிவு செய்யலாம். சில மாதத்தில் பைண்ட் போட்டுக் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்டுக்கு இந்த வரிசை மிக முக்கியம்.

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் பக்கம் படிக்கிற ஒருவருக்கு வழிகள் பல உண்டு. கல்லூரி நூலகத்தின் அலமாரி, அதே நூலகம் வழியாகத் திறக்கும் மின்னிதழ்கள், சோத்கங்கா இணையதளத்தில் இருக்கும் ஆய்வேடுகள், சென்னைக்கு ரயிலேறிப் போய்ப் பார்க்கும் ஆவணங்கள், நேரில் ஆளைப் பார்த்துப் பேசுவது. எதை முதன்மையாக வைத்துக்கொள்வது என்பதை மாணவர்கள் அடிக்கடி கொண்டுவரும் மூன்று தலைப்புகளை வைத்துப் பார்க்கலாம். வள்ளி–முருகன் கதையைப் பாடி ஆடும் கொங்கு நாட்டுக் கும்மியாட்டமான வள்ளி கும்மி யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பரவுவது ஒன்று. கோவை, சேலத்துப் பழைய ஸ்டூடியோக்களும் டூரிங் டாக்கீஸும் இன்னொன்று. கவுண்டமணி, கோவை சரளா, மணிவண்ணன், சத்யராஜ் இவர்கள் வாய்வழியாகக் கொங்குப் பேச்சு தமிழ்நாடு முழுக்கச் சிரிப்பாகப் போய்ச் சேர்ந்தது மூன்றாவது.

அலமாரி

தொடர்பியல் கோட்பாடு, ஆய்வு முறை, கேள்விப்பட்டியல் தயாரிப்பது போன்றவற்றுக்குக் கல்லூரி நூலகத்தின் அலமாரியே போதும். இந்த விஷயத்தில் இணையத்தில் அலைவது நேர விரயம். பாடநூல் ஒன்றை எடுத்து உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை அது.

வெகுமக்கள் பண்பாட்டுக்கு அலமாரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கல்லூரிகள் பலவற்றில் பொருளுக்கு ஒரு எண் கொடுக்கும் டூயி முறைப்படிதான் நூல்களை அடுக்குகிறார்கள். அதில் மக்கள் ஊடகம் 302.23. பண்பாடு 306. நாட்டார் வழக்காறு 398. சினிமா 791.43. நடனம் 793.3. இதழியல் எங்கோ தொடக்கத்தில் 070 என்று உட்கார்ந்திருக்கும். வள்ளி கும்மியைத் தேடுகிறவர் இத்தனை இடத்துக்கும் நடந்தாக வேண்டும். தமிழ் நூல்களைத் தனி அறையில் வைத்திருந்தால் அங்கேயும். நூலகக் கணினியில் ‘கும்மி’ என்று தலைப்பில் மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணுமே இல்லீங்க” என்று திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அந்த அடுக்கின் முன்னால் நின்று முதுகெழுத்துகளைப் படிப்பது பழைய முறைதான். ஆனாலும் இந்தத் துறைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

அலமாரியின் குறை என்னவென்றால், நூல்களில் பெரும்பாலானவை செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சியோடு நின்றுவிடும். ரீல்ஸ் பற்றி அங்கே எதுவும் இருக்காது. அதற்கு ஈடாக, கொங்கு நாட்டுக் கல்லூரி நூலகங்களில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று தூசியோடு கிடக்கும்: மலர்கள். கல்லூரி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், சங்கங்களின் வெள்ளி விழா மலர். அவற்றில் வரும் வாழ்த்துரைகளைத் தள்ளிவிட்டு விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். எந்தத் தியேட்டர் எந்த ஆண்டு எப்படி விளம்பரம் கொடுத்தது, மில்லும் ஜவுளிக்கடையும் எந்த நடிகர் படத்தைப் போட்டன, நாடக சபாக்கள் எந்தப் பெயரில் இயங்கின என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். பழைய ஸ்டூடியோக்களைப் பற்றி எழுதுகிறவர் இதைத் தொடாமல் போனால் நஷ்டம் அவருக்குத்தான். இவை பெரும்பாலும் நூலகப் பட்டியலில் ஏறியிருக்காது. நூலகரிடமோ நெடுநாள் வேலை பார்க்கும் உதவியாளரிடமோ வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

முன்னாள் மாணவர்கள் ரெக்சின் அட்டையில் கொடுத்துவிட்டுப் போன ப்ராஜெக்டுகளும் ஒரு பீரோ நிறைய இருக்கும். யார் எதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள மட்டும் அவற்றைப் புரட்டுங்கள்.

மின்னிதழ்கள்

பல மாணவர்களுக்கு இது இருப்பதே தெரியாது, அல்லது கடைசி வாரத்தில்தான் தெரியவரும். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக என்-லிஸ்ட் என்ற திட்டத்தை நடத்துகிறது. கல்லூரி அதில் சேர்ந்திருந்தால், நூலகர் உங்கள் பெயரைப் பதிவு செய்து கொடுப்பார். கடவுச்சொல் வந்துவிட்டால் அந்தியூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் திறக்கலாம். கல்லூரி வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

2025 ஜனவரி 1 முதல் ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் இதில் அடங்கும். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஆகவே கோவை அரசு கலைக் கல்லூரியிலோ பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களிலோ படிப்பவருக்கு, எத்தனையோ பெரிய கட்டடங்கள் கொண்ட சுயநிதிக் கல்லூரி மாணவரைவிட இந்த ஒரு விஷயத்தில் வாய்ப்பு அதிகம். கட்டணத்தை வைத்துக் கல்லூரியின் தரத்தை அளக்கிற நம் ஊர் வழக்கத்துக்கு இது கொஞ்சம் இடிதான். சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர் என்-லிஸ்ட் இருக்கிறதா, டெல்நெட் உறுப்பினரா என்று கேட்க வேண்டும். டெல்லியை மையமாகக் கொண்ட டெல்நெட் என்பது நூலகங்களின் கூட்டமைப்பு. வேறு ஊர் நூலகத்தில் இருக்கும் நூலையோ கட்டுரையையோ உங்கள் நூலகர் மூலமாக வரவழைக்க முடியும். நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் டெல்நெட் இருக்க நல்ல வாய்ப்புண்டு. அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் கேட்டுப் பாருங்கள்.

சரி, உள்ளே போனால் என்ன இருக்கிறது? இந்தத் துறைக்கு நான் முதலில் காட்டுவது சில இதழ்களை. 2003இல் தொடங்கிய ‘சவுத் ஏசியன் பாப்புலர் கல்ச்சர்’, 2010இல் தொடங்கிய ‘பயோஸ்கோப்’, 1967 முதல் வரும் ‘ஜர்னல் ஆஃப் பாப்புலர் கல்ச்சர்’, ‘மீடியா, கல்ச்சர் அண்ட் சொசைட்டி’. இவற்றை வெளியிடும் ரூட்லெட்ஜ், சேஜ், வைலி எல்லாம் ஒரு சந்தா திட்டத்தில் உள்ள பதிப்பகக் குழுமங்கள்தான். அப்புறம் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’. பெயரைப் பார்த்துப் பொருளாதார இதழ் என்று ஒதுக்கிவிடுவார்கள். தமிழ் சினிமாவும் திராவிட அரசியலும் பற்றிய முக்கியமான விவாதங்கள் அதில் நடந்திருக்கின்றன, ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் தொடர்ந்து எழுதிய இடம் அது.

தேடும்போது ‘வள்ளி கும்மி’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் கைக்கு ஒன்றும் பெரிதாக வராது. அதோடு மூடிவிட்டுப் போய்விடக் கூடாது. நாட்டார் நடனம், புத்துயிர்ப்பு, சமூக ஊடகம், சாதி, யூடியூப் என்று கருத்துச் சொற்களைச் சேர்த்துத் தட்ட வேண்டும். அப்போது பஞ்சாபின் பாங்க்ரா வரும், போஜ்பூரி பாடல் சந்தை வரும், 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற குஜராத்தின் கர்பா வரும். ஊர்க் கூட்டத்தில் ஆடிய ஆட்டம் மேடைக்கும் கேமராவுக்கும் வரும்போது என்ன மாறுகிறது, யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், சீருடை எப்போது வந்தது, பெண்கள் எப்போது வந்தார்கள் என்று அங்கே கேட்ட கேள்விகளை அப்படியே இங்கே கொண்டுவரலாம். கும்மியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கட்டுரைதான் கும்மி ப்ராஜெக்டுக்கு முதுகெலும்பாக நிற்கும். இதை மாணவர்களை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மொழி ஒரு தடைதான், மறுப்பதற்கில்லை. தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் கரடுமுரடாக இருக்கும். சுருக்கம், முன்னுரை, முடிவுரை இந்த மூன்றை மட்டும் முதலில் படித்து, தேவைப்பட்டால் மட்டும் நடுவில் நுழையச் சொல்வேன். ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் கூகுள் ஸ்காலரில் அதன் பெயரைத் தட்டி, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்தால் அடுத்த பத்துக் கட்டுரை தானாக வரும்.

சோத்கங்கா

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இங்கே இலவசம். கடவுச்சொல்லும் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம். பாரதியார், பெரியார் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருப்பதால் நம் ஊர், நம் கோயில், நம் கலைகள் பற்றிய தரவுக்கு மின்னிதழ்களைவிட இதுதான் நெருக்கம். கள ஆய்வு செய்த ஊர்களின் பட்டியல், பாடல் தொகுப்பு, தகவலாளர் விவரம் எல்லாம் பின்னிணைப்பில் கிடைக்கும்.

குறைகள் இரண்டு. தமிழில் எழுதிய ஆய்வேடுகள் பல, பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்தவை, அல்லது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. உள்ளே சொல்லைத் தேட முடியாது. தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஏற்றியிருப்பார்கள். ‘கொங்கு’ என்பதற்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொரு குறை தரம். சில ஆய்வேடுகள் உண்மையிலேயே உழைப்பு. சில, முந்தைய ஆய்வேட்டின் இயல் வரிசையை அப்படியே தூக்கி வைத்தவை. தரவை எடுத்துக்கொள்ளலாம், முடிவுகளை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

சென்னைப் பயணம்

சேரன் எக்ஸ்பிரஸிலோ ஏற்காடு எக்ஸ்பிரஸிலோ ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளில் சேர்த்த சுமார் 1 லட்சம் நூல்கள், இதழ்களை அடிப்படையாகக் கொண்டு 1994இல் தொடங்கியது. சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், தெருவில் காலணாவுக்கு விற்ற குஜிலிப் பாட்டு என்று படித்தவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தவர் அவர். வெகுமக்கள் பண்பாட்டு ஆய்வுக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லோரும் போக வேண்டுமா என்றால், வேண்டாம். தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு விடுப்பு எல்லாம் கணக்கில் வரும். கும்மி ப்ராஜெக்டுக்கும் கொங்குப் பேச்சு ப்ராஜெக்டுக்கும் இந்தச் செலவு தேவையில்லை. பழைய சினிமா என்றால் கதை வேறு. 1905 வாக்கில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோஸ், புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா, சேலம் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று சென்னைக்குப் போட்டியாக இங்கே ஒரு படத்தொழிலே நடந்தது. அந்தக் காலத்து விளம்பரம், பாட்டுப் புத்தகம், விமர்சனம் வேண்டுமென்றால் தரமணிக்குத்தான் போக வேண்டும். போகும் முன் அவர்களுடைய இணையப் பட்டியலில் தேடி, வேண்டியதை எழுதிக்கொண்டு, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போனால் நாள் வீணாகாது.

டிக்கெட் எடுக்கும் முன் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியவை இரண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஒன்று. டி. ரங்காச்சாரி தலைமையில் 1927–28இல் அமைந்த இந்திய சினிமா விசாரணைக் குழுவின் அறிக்கை மற்றொன்று. இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகக் கிடைக்கும். மௌனப் படக் காலத்தில் யார் படம் பார்த்தார்கள், அதிகாரிகள் எதற்குப் பயந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன் தமிழ் சினிமா வரலாற்றைப் பற்றி எழுதியவை கல்லூரி அலமாரியிலேயே இருக்கக்கூடும். இவற்றைப் படித்துவிட்டுப் போகிறவருக்குத்தான் தரமணியில் எதைக் கேட்பது என்று தெரியும்.

நேரில் போவது, திரையில் சேகரிப்பது

வள்ளி கும்மிக்கு உண்மையான நூலகம் ஊர் மைதானம்தான். மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த இந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்று அரங்கேற்றம் என்றால் ஒரே நிறச் சேலையில் வரிசை வரிசையாக அம்மாக்களும் பிள்ளைகளும் நிற்கிறார்கள், மேலே ட்ரோன் பறக்கிறது, மறுநாள் காலைக்குள் வீடியோ ஏறிவிடுகிறது. இந்த நகர்வைப் பற்றி நேரில் கேட்காமல் எழுத முடியாது. கும்மி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் பேசத் தயங்குவதில்லை. “எந்தூருங்க கண்ணு?” என்று ஆரம்பித்து, உங்கள் ஊர், சொந்தபந்தம் விசாரித்து முடித்த பிறகு விஷயத்துக்கு வருவார்கள். அந்த விசாரிப்பையும் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஆட்டக்குழுக்கள் எப்படி ஆள் சேர்க்கின்றன, யாரைச் சேர்க்காமல் விடுகின்றன என்பது அந்த விசாரிப்புக்குள்ளேயே இருக்கிறது.

கள ஆய்வு நம் மண்ணுக்குப் புதிதல்ல. கனடாவிலிருந்து வந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்தார். உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை டேப்பில் பதிவு செய்தார். கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் மாணவர், அரை மணி நேரப் பேட்டியைப் பதிவு செய்யக் கருவி இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

யூடியூப் தரவைச் சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. இன்றைக்கு இருக்கும் வீடியோ நாளைக்கு இருக்காது; பின்னூட்டத்தை அழித்துவிடுவார்கள். 2021 நவம்பருக்குப் பிறகு டிஸ்லைக் எண்ணிக்கையும் வெளியே தெரிவதில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆய்வுக்குப் பலரும் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவியை 2024 ஆகஸ்டில் மெட்டா மூடிவிட்டது. பழைய ஆய்வு முறைக் கட்டுரையில் அதன் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்த்த தேதி, எண்ணிக்கை, ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் அன்றன்றைக்கே ஒரு எக்செல் தாளில் போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் குழு என்றால் அட்மினிடம் மட்டும் அல்ல, யாருடைய வரியை எடுக்கிறோமோ அவரிடமும் அனுமதி கேட்க வேண்டும்.

ஏஐ அரட்டைக் கருவியையும் இப்போது ஒரு வழியாகச் சொல்கிறார்கள். தேடுசொற்களை யோசிக்க அது உதவும். கட்டுரைப் பட்டியல் கேட்டால், இதழின் பெயர் சரியாகவும் கட்டுரை இல்லாததாகவும் வந்து விழும். அந்த இதழின் பொருளடக்கத்தைத் திறந்து பார்க்காமல் ஒரு வரியைக்கூட எடுக்கக் கூடாது.

யாருக்கு எது

இளங்கலை மாணவர், கும்மி அல்லது அதுபோல இன்று நடக்கிற ஒன்றை எடுத்தால்: நேரடிப் பேட்டியும் யூடியூப் சேகரிப்பும் முதன்மை, மின்னிதழிலிருந்து நான்கைந்து கட்டுரை, அலமாரியிலிருந்து முறையியல். சென்னை வேண்டாம். சோத்கங்காவை ஒரு நாள் பார்த்தால் போதும்.

கொங்குப் பேச்சும் நகைச்சுவையும் எடுத்தவருக்குப் படங்களே தரவு. அவை எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. இங்கே மின்னிதழ்தான் முதலில் வர வேண்டும். வட்டார வழக்கு, அதைக் கேலிக்குரியதாகக் காட்டுவது, பிறகு அதே வழக்கு பெருமையாக மாறுவது என்று பேசுவதற்குச் சட்டகம் இல்லையென்றால் ப்ராஜெக்ட் வெறும் வசனத் தொகுப்பாகிவிடும். வெள்ளாங்கோயிலில் பிறந்த பாக்யராஜ் படங்களில் வரும் பேச்சுக்கும், கவுண்டமணி பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் பிடிக்க நம் பிள்ளைகளால் முடியும். வெளியூர் ஆய்வாளருக்கு அது எளிதல்ல. இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு இதுதான். யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், அது வேறு விஷயம்.

பழைய ஸ்டூடியோக்களை முதுகலைக்குக் கீழே எடுக்க நான் ஊக்கப்படுத்துவதில்லை. எடுத்தே தீருவேன் என்றால் ஒரே ஒரு ஸ்டூடியோ, ஒரு பத்தாண்டு என்று சுருக்கிக்கொண்டு, மலர்களில் தொடங்கி, விசாரணைக் குழு அறிக்கையைப் படித்து, விடுமுறையில் தரமணிக்குப் போகட்டும். முனைவர் பட்டத்துக்கு என்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் சேரும். அதற்கு அனுமதி வாங்குவதற்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் நூலகரைப் பார்க்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவுக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரியும் அடையாள அட்டையும் கேட்பார்கள். கடவுச்சொல் மின்னஞ்சல் பல நேரம் ஸ்பேம் பெட்டியில் போய் விழும். அங்கேயும் பார்க்க வேண்டும். டெல்நெட் மூலம் நூல் கேட்டால் வந்துசேர நாளாகும். செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே போனால் நூலகருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். மார்ச்சில் போனால் நோ-ட்யூ கையெழுத்துக்கு நிற்கும் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.